அடக்கப் பழக்கிவிட்டுக் கேட்கச் சொல்கிறோம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

மன அழுத்தத்தைச் சமாளிக்க உடல் தரும் அறிகுறிகளைக் கவனிக்கப் பழகுங்கள் என்று அறிவுறுத்தித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை படித்தபோது ஒவ்வொரு வரியும் சரியென்றே பட்டது. இரண்டாம் முறை படித்தபோது, முப்பத்தோராண்டுக் காலம் அரசு உதவிபெறும் பெண்கள் பள்ளியொன்றில் கணக்கும் அறிவியலும் கற்பித்தவள் என்ற முறையில், அக்கட்டுரை யாரைக் கேட்கச் சொல்கிறதோ அவர்களுடைய காதைச் சிறுவயதிலேயே அடைத்தவர்களுள் நானும் ஒருத்தி என்ற எண்ணம் வந்தது. அதைச் சொல்லாமல் விட மனம் ஒப்பாததால் இக்கடிதத்தை எழுதுகிறேன். கடிதம் நீண்டுவிட்டது, சுருக்கி வெளியிட்டாலும் வருந்தமாட்டேன். கழிப்பறையைப் பற்றிய பகுதியை மட்டும் வெட்டிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

உடலைக் கவனிக்கும் பாடம் எனக்கே தாமதமாகத்தான் வந்தது. பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்துக்கொண்டிருந்த ஓராண்டின் பிப்ரவரி மாதத்தில், காலையில் எழும்போதே தாடை இறுகி, வாயைத் திறந்து பல் துலக்குவது வேதனையாக இருந்தது. குளிர்க்காற்று பட்டிருக்கும் என்று தைலம் தடவிக்கொண்டு பள்ளிக்குப் போய்வந்தேன். கடைவாய்ப் பல் ஒன்றில் விரிசல் விழுந்தபிறகே மருத்துவரிடம் போனேன். அவர் பார்த்த மாத்திரத்தில், இரவில் பல்லைக் கடிக்கிறீர்களா என்று கேட்டார். இல்லை என்று உறுதியாகச் சொன்னேன். வீட்டில் கேட்டுவிட்டு வந்து சொல்லுங்கள் என்றார். கேட்டேன். ஆறு மாதமாக நறநறவென்று சத்தம் கேட்பதாகவும், சொன்னால் நான் கோபித்துக்கொள்வேன் என்பதால் சொல்லவில்லை என்றும் என் கணவர் சொன்னார்.

இரவில் மாட்டிக்கொள்ள ஓர் உறையைச் செய்து கொடுத்த அந்த மருத்துவர் இன்னொன்றையும் சொன்னார். மெல்லாமலும் பேசாமலும் இருக்கும் நேரத்தில் மேல்வரிசைப் பற்களும் கீழ்வரிசைப் பற்களும் ஒன்றையொன்று தொடக்கூடாதாம். உதடு மூடியிருந்தாலும் நடுவில் சிறு இடைவெளி இருப்பதே தாடையின் இயல்பான நிலையாம். ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்த எனக்கு அது புதிய செய்தி. மறுநாள் கரும்பலகையின் முன் நின்று சோதித்துப் பார்த்தேன், பற்கள் பூட்டியிருந்தன. பேருந்தில் பார்த்தேன், பூட்டியிருந்தன. தலைமையாசிரியர் அறை வாசலில் காத்திருந்தபோது எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள் என்று பிறந்த வீட்டில் சொல்லி அனுப்பியதை நான் எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்து வந்திருக்கிறேன்.

எங்கள் வீட்டு அடுக்களையில் தொங்கும் மாதக் காலண்டரில் பால் கணக்கையும் சிலிண்டர் வந்த தேதியையும் குறித்து வைப்பது வழக்கம். அதே கட்டங்களில், தாடை வலித்த நாளுக்குத் ‘தா’ என்றும், தலை வலித்த நாளுக்குத் ‘த’ என்றும், தூக்கம் கெட்ட இரவுக்கு ஒரு சுழியும் போட்டு வந்தேன். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தபோது நான் எதிர்பார்த்தது அங்கே இல்லை. தேர்வு நாள்களில் வலி இல்லை. விடைத்தாள் கட்டுகளோடு நள்ளிரவு வரை உட்கார்ந்த நாள்களிலும் அதிகமில்லை. தேர்ச்சி விழுக்காட்டைப் பற்றிய ஆய்வுக் கூட்டத்துக்கு முந்தைய நாளிலும் ஞாயிற்றுக்கிழமை மாலையிலும்தான் எழுத்துகள் குவிந்து கிடந்தன. வேலை அதிகம், வேலை அதிகம் என்று நான் அதுவரை எல்லோரிடமும் புலம்பியிருந்தேன். என் தாடை வேறொன்றைச் சொல்லிக்கொண்டிருந்தது. மெல்லக் கற்கும் மாணவியரின் பெயர்களை வாசித்து, ஏன் தேறவில்லை என்று பிறர் முன்னிலையில் கேட்கப்படும் அந்த அரைமணி நேரம்தான் என்னை அரித்துக்கொண்டிருந்தது. அதைக் கண்டுகொண்டதால் கூட்டம் நின்றுவிடவில்லை. ஆனால் கூட்டத்துக்கு முந்தைய இரவில் தாள் திருத்துவதை விட்டேன்; அன்று காலையில் பட்டினியாகப் போவதை விட்டேன்; கேட்பதற்கு முன்பே அந்தப் பட்டியலையும், யாருக்கு எந்த இயலில் இடறுகிறது என்பதையும் நானே எழுதிக் கொடுத்துவிட்டேன். குறிக்கத் தொடங்கிய முதல் மாதத்தில் பன்னிரண்டு ‘தா’ இருந்தன. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் நான்கு.

இதில் மருத்துவ மேதைமை எதுவும் இல்லை. நம் மொழி இதையெல்லாம் முன்பே குறித்து வைத்திருக்கிறது. கெட்ட செய்தி வரும்போது வயிற்றில் புளியைக் கரைக்கிறது. பிறர் வாழ்வைக் கண்டால் வயிறு எரிகிறது. அஞ்சினால் ஈரக்குலை நடுங்குகிறது. துக்கத்தில் தொண்டை அடைக்கிறது. அவசரத்தில் கையும் காலும் ஓடுவதில்லை. பொறுப்பு கூடினால் தலை கனக்கிறது. ‘கவலையாக இருக்கிறது’ என்று சொல்லத் தயங்குகிற கிராமத்துப் பெண்மணி ‘நெஞ்சு படபடங்குது’ என்று தயங்காமல் சொல்வார். இவற்றை அணி அலங்காரம் என்று நாம் இலக்கண வகுப்புக்கு ஒதுக்கிவிட்டோம். கேட்டுப் பார்த்தால் பெரும்பாலும் உள்ளதை உள்ளபடியே சொல்பவை.

ஏன் வயிறு முதலில் பேசுகிறது என்பதை அறிவியல் ஆசிரியை என்ற முறையில் சிறிது விளக்க அனுமதியுங்கள். ஆபத்து என்று மூளை கருதிய நொடியில், தாக்கவோ தப்பி ஓடவோ உடல் ஆயத்தமாகிறது. அட்ரினலின் சுரந்து இதயம் விரைகிறது, குருதி இரைப்பையையும் சிறுகுடலையும் விட்டுக் கை கால் தசைகளுக்குத் திருப்பப்படுகிறது, செரிமானம் மந்தமாகிறது, பெருங்குடலோ அதற்கு நேர்மாறாகத் துரிதமாக அசையத் தொடங்குகிறது. தேர்வு மண்டபத்துக்குள் நுழையும் வேளையில் பிள்ளைகள் கழிப்பறைக்கு ஓடுவதும், காலையில் தின்ற இட்லி நெஞ்சிலேயே நிற்பதாகச் சொல்வதும் இதனால்தான். பல்லும் தாடையும் கழுத்தும் தோளும் இறுகுவதும் அதே ஆயத்தத்தின் பகுதி. புலி வந்தால் அது உயிரைக் காக்கும் ஏற்பாடு. மாதாந்திர ஆய்வுக் கூட்டத்துக்கு அது சற்று அதிகம்.

ஹான்ஸ் செல்யே என்ற ஆய்வாளர் 1936ஆம் ஆண்டு ‘நேச்சர்’ இதழில் ஒரு சிறு குறிப்பை வெளியிட்டார். குளிர், காயம், நஞ்சு என்று எதனால் துன்புறுத்தப்பட்டாலும் உடல் ஏறத்தாழ ஒரே விதமாக எதிர்வினையாற்றுகிறது என்பதே அதன் சாரம். முதலில் எச்சரிக்கை, பிறகு தாக்குப்பிடித்தல், அதுவும் நீண்டால் சோர்ந்து விழுதல் என்று அவர் வகுத்தார். அவர் இந்த நிலைக்குச் சூட்டிய ‘ஸ்ட்ரெஸ்’ என்ற பெயர் இயற்பியலிலிருந்து வந்த சொல். நம் மேல்நிலைப் பாடநூலில் அதைத் தகைவு என்கிறோம். தகைவினால் கம்பி தன் நீளத்தில் எத்தனை பங்கு நீண்டது என்பதைத் திரிபு என்கிறோம். ஆய்வகத்தில் கம்பியில் எடையை மாட்டிவிட்டு நாம் கண்ணை வைப்பது அளவுகோலின் மேல்தான். எத்தனை கிலோ மாட்டினோம் என்பது நமக்கு முன்பே தெரியும். கம்பி என்ன ஆனது என்பதைத்தான் பார்க்க வேண்டும். மனிதர் விஷயத்தில் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். என்ன பெரிய வேலை, என்ன பெரிய கஷ்டம் என்று எடையையே நிறுத்துக்கொண்டிருக்கிறோம். மீட்சி எல்லையைத் தாண்டிய கம்பி எடையை எடுத்த பிறகும் பழைய நீளத்துக்குத் திரும்பாது என்று முப்பதாண்டு பாடம் நடத்திய எனக்கு, அது ஆசிரியர் ஓய்வறையிலும் பொருந்தும் என்று தோன்றவே இல்லை.

இனி நான் எழுத வந்த பகுதிக்கு வருகிறேன்.

எட்டாம் வகுப்பில் எனக்கொரு மாணவி இருந்தாள். கணக்குப் பாடவேளை தொடங்கிப் பத்து நிமிடத்தில் வயிறு வலிக்கிறது என்று எழுந்து நிற்பாள். தமிழ்ப் பாடத்தில் வலிக்காது. விளையாட்டுப் பாடவேளையில் வலிக்காது. இந்தச் சான்றுகளை வைத்துக்கொண்டு நான் அவளை நாடகக்காரி என்று முடிவு கட்டினேன். வகுப்பின் முன் அவ்வாறே அழைக்கவும் செய்தேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அதன்பிறகு அவள் வலிக்கிறது என்று சொல்வதை நிறுத்திவிட்டாள். நானும் வெற்றி பெற்றதாக நினைத்துக்கொண்டேன். கணக்குப் பாடத்தில் மட்டும் வலித்தது என்பது வலி பொய் என்பதற்குச் சான்றாகாது, வலிக்குக் காரணம் கணக்குப் பாடம், அதாவது நான், என்பதற்குத்தான் சான்று என்பது என் காலண்டரைப் பார்த்த பிறகே எனக்கு உறைத்தது. அச்சத்தால் வரும் வயிற்று வலி மற்ற வயிற்று வலியைப் போலவே வலிக்கும். அந்தப் பெண் எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. இந்தக் கடிதம் அவள் கண்ணில் பட்டால், நான் யாரைச் சொல்கிறேன் என்று அவளுக்குத் தெரியும்.

கழிப்பறைக் கணக்குக்கு வருவோம். எங்கள் பள்ளியில் ஒரு காலத்தில் அறுநூறு மாணவியர் படித்தனர். பயன்படுத்தக்கூடிய நிலையில் எட்டுக் கழிப்பறைகள் இருந்தன. இடைவேளை பத்து நிமிடம். பாதிப் பேர் மட்டுமே போக விரும்பினார்கள் என்று வைத்துக்கொண்டாலும் ஒரு கழிப்பறைக்கு முப்பத்தேழு பேர். ஆளுக்கு ஒரு நிமிடம் என்றாலும் முப்பத்தேழு நிமிடம். பத்து நிமிடத்தில் எண்பது பேருக்கு மேல் போயிருக்க வழியே இல்லை. மீதிப் பேர் என்ன செய்தார்கள்? அடக்கிக்கொண்டார்கள். அடுத்த பாடவேளையில் சுண்டுவிரலைக் காட்டியவர்களை, இடைவேளையில் என்ன செய்துகொண்டிருந்தாய் என்று கேட்டு உட்கார வைத்தோம். விவரமான பிள்ளைகள் ஒரு தீர்வைக் கண்டுபிடித்தார்கள்: காலையிலிருந்து மாலை வரை தண்ணீரே குடிப்பதில்லை. எட்டுக் கதவுகளில் எத்தனைக்குத் தாழ்ப்பாள் இருந்தது என்பதை நான் இங்கே எழுத விரும்பவில்லை. மாதவிலக்கு நாள்களில் அவர்கள் ஏன் பள்ளிக்கு வரவில்லை என்பதற்கு அது பாதி விடை. கணக்கு ஆசிரியையாகிய நான் இந்தக் கணக்கைப் பணி ஓய்வுக்குப் பிறகுதான் போட்டுப் பார்த்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

சித்த மருத்துவத்தில் பதினான்கு வேகங்கள் என்றொரு பகுப்பு உண்டு. உடலில் இயல்பாக எழுகிற உந்துதல்கள் அவை. அடக்கினால் அடக்கியதற்கேற்ப நோய் வரும் என்பது அம்மருத்துவத்தின் கொள்கை. காற்றுப் பிரிதல், தும்மல், சிறுநீர், மலம், கொட்டாவி, பசி, நீர்வேட்கை, இருமல், இளைப்பு, தூக்கம், வாந்தி, கண்ணீர், விந்து, மூச்சு என்பன அவை. எதை அடக்கினால் எந்த நோய் என்று சொல்லப்படுவது முழுவதையும் இன்றைய மருத்துவம் ஏற்காமல் இருக்கலாம். ஆனால் பசியையும் சிறுநீரையும் கண்ணீரையும் ஒரே வரிசையில் வைத்து, இவை எல்லாமே உடல் சொல்லும் செய்திகள் என்று கண்ட பார்வையின் முன் நான் தலைவணங்குகிறேன். அந்தப் பட்டியலை வைத்து என் வகுப்பறையை எண்ணிப் பார்த்தேன். தும்மாதே, இருமாதே, கொட்டாவி விடாதே, தூங்காதே, அழாதே, தண்ணீர் பாட்டிலை உள்ளே வை, டிபன் பாக்ஸை மூடு, இரண்டு நிமிடம் அடக்கிக்கொள். பதினான்கில் பாதிக்கு மேல் நாற்பது நிமிடப் பாடவேளைக்குள் தடை செய்திருந்தோம்.

அடக்குவதில் மூத்திரப்பை நோய்த்தொற்று, மலச்சிக்கல் போன்ற கேடுகள் இருப்பது பலருக்கும் தெரியும். நான் கவலைப்படுவது அதற்கு அடுத்த படியைப் பற்றி. மலத்தைப் பலமுறை அடக்கும் குழந்தையின் மலக்குடல் நாளடைவில் விரிந்துகொடுக்கிறது. விரிந்த குடலுக்கு முன்பிருந்த அளவு நிறைந்தால் உணர்வு எழுவதில்லை. குழந்தைக்கு மலம் வருவதே தெரியாமல் போகிறது. உடையில் கசிந்த பிறகே தெரிகிறது. அதற்கும் அடி விழுகிறது. கேட்கப்படாத அறிகுறி மங்கிப் போகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டை நான் அறியேன். பசிக்கும் களைப்புக்கும் இதையே அப்படியே பொருத்திவிட முடியாதுதான். என்றாலும் மணி அடிக்கும்போது மட்டும் பசிக்க வேண்டும், சொன்னால் மட்டும் களைக்க வேண்டும் என்று பத்தாண்டு பழக்கப்பட்ட ஒருவர், நாற்பது வயதில் சர்க்கரையும் கொதிப்பும் வந்தபின், ‘உங்கள் உடல் என்ன சொல்கிறது?’ என்று ஆலோசகர் கேட்கும்போது திருதிருவென்று விழிப்பதில் எனக்கு வியப்பில்லை.

கேட்கத் தெரிந்தவர்களுக்கும் பதில் சொல்ல உரிமை வேண்டும். என் பழைய மாணவி ஒருத்தி பெரிய ஜவுளிக்கடை ஒன்றில் சேலைப் பிரிவில் நிற்கிறாள். காலை ஒன்பதரைக்கு நின்றால் இரவு ஒன்பது வரை நிற்கிறாள். கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு புடைத்திருப்பதை எனக்குக் காட்டினாள். கடைகளிலும் நிறுவனங்களிலும் பணிபுரிவோர் வேலையினூடே உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021ஆம் ஆண்டிலேயே சட்டத் திருத்தம் வந்துவிட்டது. கேரளத்தில் அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே வந்தது. உட்காருவதற்கு ஒரு சட்டம் தேவைப்பட்டது என்பதையே நாம் போதிய அளவு யோசிக்கவில்லை என்று நினைக்கிறேன். ஸ்டூல் இருக்கிறதா என்று அவளைக் கேட்டேன். இருக்கிறது டீச்சர், உட்கார்ந்தால் சூப்பர்வைசர் பார்ப்பார் என்றாள். அந்தப் பெண்ணிடம் போய், கால் வலிக்கும்போது கவனித்து ஓய்வெடு என்று நான் எப்படிச் சொல்வது? அவளுடைய கால் தெளிவாகத்தான் சொல்கிறது. மேற்பார்வையாளருக்குத்தான் காது கேட்கவில்லை. பேருந்து ஓட்டுநர்கள், காவல் துறைப் பெண்கள், தூய்மைப் பணியாளர்கள் என்று இன்னும் பலரைச் சொல்லலாம். தங்கள் நிருபர்கள் என்னைவிட நன்றாக அறிவார்கள்.

அக்கட்டுரையில் எனக்கு உடன்பாடில்லாத ஒரு வரியும் உண்டு. உடல் ஒருபோதும் பொய் சொல்லாது என்று அதில் இருந்தது. பொய் சொல்லாமல் இருக்கலாம். பல நேரங்களில் ஒன்றுமே சொல்லாமல் இருந்துவிடும். எனக்கு நூற்றறுபதுக்கு நூறு என்று இரத்த அழுத்தம் இருந்ததை என் உடல் எனக்குச் சொல்லவில்லை. பள்ளிக்கு வந்த மருத்துவ முகாமில், மற்றவர்கள் போகிறார்களே என்று நானும் கையை நீட்டியதில் தெரிந்தது. உயர் இரத்த அழுத்தம் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. தொடக்கநிலைச் சர்க்கரை நோயும் அப்படியே. இவற்றை அளந்துதான் அறிய வேண்டும். மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் வீடு தேடி வருபவர்களிடம், எனக்கு ஒன்றுமில்லை, நன்றாகத்தான் இருக்கிறேன் என்று கதவைச் சாத்துகிறவர்கள் என் தெருவிலேயே இருக்கிறார்கள். தங்கள் உடலைக் கேட்டுவிட்டுத்தான் அப்படிச் சொல்கிறார்கள்.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. உடல் உரக்கச் சொன்னாலும் நாம் தவறாக மொழிபெயர்த்துவிடுகிறோம். நெஞ்சு வலி என்றால் கேஸ் என்று சொல்லிச் சோடா குடித்துவிட்டுப் படுக்கும் வழக்கம் எத்தனை குடும்பங்களில் விடியலில் அழுகுரலாக முடிந்திருக்கிறது! நெஞ்சில் பாரம், இடக்கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, வியர்வை, மூச்சுத் திணறல் என்று வந்தால் அதை வாய்வு என்றும் நினைக்கக் கூடாது, டென்ஷன் என்றும் நினைக்கக் கூடாது; 108ஐ அழைக்க வேண்டும். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் மாரடைப்பு வெறும் களைப்பாகவும் மூச்சுமுட்டலாகவும் மட்டும் வரக்கூடும். என் தாடை வலிக்கும் நான் முதலில் மருத்துவரிடம்தான் போயிருக்க வேண்டும்; பல்லில் விரிசல் விழும் வரை தைலம் தடவியது என் மடமை. மன அழுத்தம் என்ற சொல்லிலும் ஒரு குழப்பம் இருக்கிறது. வேலைப் பளுவால் வரும் நெருக்கடியையும், வாரக்கணக்கில் எதிலும் நாட்டமின்றி உறக்கமும் உணவும் கெட்டு உயிர் வாழ்வதே வீண் என்று தோன்றும் மனச்சோர்வு நோயையும் பத்திரிகைகள் இந்த ஒரே சொல்லால் குறிக்கின்றன. முன்னதற்கு ஓய்வும் உறக்கமும் உதவும். பின்னதற்கு மருத்துவம் வேண்டும். நேரில் போகத் தயங்குபவர்கள் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். தங்கள் நாளிதழாவது இரண்டையும் வெவ்வேறு சொல்லால் எழுத வேண்டும்.

கைக்கடிகாரம் இதயத் துடிப்பை எண்ணி, இன்றைக்கு உங்கள் அழுத்தம் எழுபத்திரண்டு என்று காட்டுவதையும் பார்க்கிறேன். என் மருமகள் அதை ஒரு நாளைக்கு இருபது முறை பார்க்கிறாள்; எண் கூடியிருந்தால் அதனாலேயே இன்னும் கூடுகிறது. எதைக் கேட்பது என்பதோடு எப்போது கேட்காமல் இருப்பது என்பதையும் சேர்த்தே கற்றுத்தர வேண்டியிருக்கும் போலிருக்கிறது. நாளுக்கு ஒரு முறை காலண்டரில் ஓர் எழுத்தை எழுதுவதோடு நான் நிறுத்திக்கொண்டதற்கு என் சோம்பல்தான் காரணம் என்றாலும், அதுவே போதுமானதாகவும் இருந்தது.

இன்னொன்று மூச்சு. மூச்சை உள்ளிழுக்கும்போது இதயம் சற்றே விரைந்தும் வெளிவிடும்போது சற்றே தணிந்தும் துடிப்பது உடலின் இயல்பு. வெளிமூச்சை நீட்டினால் தணிகிற நேரம் நீள்கிறது. இதற்கு விரிப்போ வகுப்போ கட்டணமோ தேவையில்லை. வகுப்பறை நிலைப்படியைத் தாண்டுவதற்கு முன், தாழ்வாரத்திலேயே நின்று மெதுவாக நான்கு முறை மூச்சு விட்டுவிட்டு உள்ளே போவேன்; என்னைவிட என் மாணவியருக்கு அதனால் விளைந்த நன்மை அதிகம் என்று நினைக்கிறேன். வீட்டில் பெருமூச்சு விட்டால் குடும்பத்துக்கு ஆகாது என்று என் பாட்டி கடிந்துகொள்வார். நாம் அறியாமலே மணிக்குப் பல முறை பெருமூச்சு விடுகிறோம் என்பதையும், நுரையீரலில் சுருங்கிப்போன காற்றறைகள் அதனால்தான் மீண்டும் விரிகின்றன என்பதையும் அவருக்குச் சொல்ல எனக்கு வாய்க்கவில்லை.

எல்லாமே மோசம் என்று நான் எழுதவில்லை. 2019ஆம் ஆண்டில் கேரளப் பள்ளிகளில் தண்ணீர் குடிப்பதற்கென்றே தனியாக மணி அடிக்கத் தொடங்கினார்கள். இங்கும் அது வந்திருப்பது மகிழ்ச்சி. ஆனால் குடித்த தண்ணீர் வெளியேற வழி செய்யாமல் தண்ணீர் மணி மட்டும் அடிப்பது அரைக் கணக்கு. தொடக்கப் பள்ளிகளில் 2022ஆம் ஆண்டு செப்டம்பரில் தொடங்கப்பட்ட காலை உணவுத் திட்டம், பசி என்பது ஒழுக்கக் குறைவு அன்று என்பதை அரசே ஒப்புக்கொண்ட நாளாக எனக்குப் பட்டது. திங்கட்கிழமைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் மயங்கி விழுந்த எத்தனையோ பிள்ளைகளைத் தாங்கிப் பிடித்தவள் நான். பெரும்பாலும் அவர்கள் ஒன்பதாம் பத்தாம் வகுப்பினர். சாப்பிட்டாயா என்று கேட்டால், லேட்டாயிடுச்சு டீச்சர் என்பதுதான் பதிலாக இருக்கும். அவர்களுக்கும் அந்தத் திட்டம் நீள வேண்டும்.

கல்வித் துறைக்கு என் வேண்டுகோள் இரண்டே. கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்கும் பிள்ளையை எந்தப் பாடவேளையிலும் மறுக்கக் கூடாது என்று எழுத்தில் ஆணை வேண்டும். சலுகையைத் தவறாகப் பயன்படுத்தும் ஓரிருவரை ஆசிரியர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஆண்டாய்வுக்கு வரும் அதிகாரி பதிவேடுகளைப் புரட்டுவதற்கு முன், இடைவேளை நேரத்தில் பத்து நிமிடம் கழிப்பறை வரிசையில் நின்று பார்க்க வேண்டும்.

தங்களுக்கு ஒரு வேண்டுகோள். பொதுத்தேர்வை ஒட்டி, ஜனவரி தொடங்கியதும் மாதிரி வினாத்தாள்களையும் முழு மதிப்பெண் பெறும் வழிகளையும் பக்கம் பக்கமாக வெளியிடுகிறீர்கள். அந்தப் பக்கங்களைப் பிள்ளைகள் வெட்டி எடுத்துப் புத்தகத்துக்குள் வைத்துக்கொள்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அதில் ஒரு பத்தி அளவு இடம் ஒதுக்கி, தேர்வு நாள் காலையில் வயிற்றைக் கலக்குவது ஏன், கை சில்லிடுவது ஏன், இரவு இரண்டு மணி வரை விழித்திருந்தால் படித்தது ஏன் நிற்பதில்லை என்பதை ஒரு மருத்துவரைக் கொண்டு எளிய தமிழில் எழுதச் செய்யுங்கள். வயிற்றைக் கலக்கினால் போய்வர மண்டபத்தின் எந்தப் பக்கம் கழிப்பறை இருக்கிறது என்பதை முதல் நாளே பார்த்து வைத்துக்கொள்ளும்படியும் அதில் ஒரு வரி இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
ஓய்வுபெற்ற பட்டதாரி ஆசிரியை,
விருதுநகர் மாவட்டம்.